ஹமீமாவின் வோட்டு

கோட்டுக் கட்டளைகளைக் கொண்டுவரும் பிஸ்கல் கந்தோரிலிருந்து பியூன் வந்த அன்று மூன்றாம் நாளாக மழை. கொட்டாஞ்சேனை ஒழுங்கைகளில் துறைமுகத்துக் கரித்தூள் கலந்த கறுத்த தண்ணீர் கணுக்கால் உயரத்துக்கு ஓடிக்கொண்டிருந்தது. புறக்கோட்டைக் கடையின் கூரை ஒழுகியதால் ஸவாஹிர் தன் பித்தளை அச்சுகளை வீட்டுக்குக் கொண்டுவந்து, முன்கூடத்தில் கவிழ்த்துவைத்துச் சாம்பல் போட்டுத் துலக்கிக்கொண்டிருந்தார். துருக்கித் தொப்பியை நனைத்து, சூடேற்றிய அச்சின்மேல் ஏற்றி, அழுத்தி, சுருக்கமெடுத்துக் கொடுப்பது அவருடைய தொழில். தொப்பிக் குஞ்சங்கள் வீட்டிலேயே தயாராகும். மனைவி நஸீறா கறுப்புப் பட்டுநூலைச் சுற்றிக் கொடுக்க, மகள் மர்லியா முறுக்கி முடிச்சுப் போடுவாள். ஜனவரி வரைக்கும் அது மூன்று பேர் செய்த வேலை.

பியூன் குடையை வாசலில் சாய்த்துவிட்டு, சிங்களத்தில் பேரைக் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டு, ஒரு கடதாசியை நீட்டினான். ஸவாஹிர் கையைச் சாரத்தில் துடைத்து வாங்கினார். இங்கிலீசு. அவருக்கு அறபும், அறபெழுத்தில் எழுதிய தமிழும்தான் வாசிக்க வரும். பழக்கத்தில் வாய் “ஹமீமா” என்று கூப்பிடப்போய், பாதியில் நின்றது.

“மர்லியா, இத வாசி பாப்பம்.”

மர்லியா வந்து வாங்கினாள். உதடு அசைந்தது. முகம் சாம்பல் போட்ட பித்தளை மாதிரி ஆகிவிட்டது.

“எனக்கு வெளங்குதில்ல வாப்பா” என்று கடதாசியை அச்சின்மேல் வைத்துவிட்டு உள்ளே போனாள்.

“கோட்டுக் கடதாசியா?” என்று நஸீறா திரைக்குப் பின்னாலிருந்து கேட்டாள்.

“கடை வாடகைக் கதையா ஈக்கும்” என்று சொல்லிவிட்டு, தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு மழையில் இறங்கினார்.

ஒழுங்கை முனையில் மாக்ரெட் டீச்சர் வீடு. கன்னியர் பள்ளிக்கூடத்தில் இருபது வருஷமாகப் படிப்பிக்கிறவர். ஸவாஹிரின் இரண்டு பெண்களும் அவரிடம்தான் இங்கிலீசு படித்தார்கள். டீச்சர் மூக்குக்கண்ணாடியை மாட்டி ஒரு தரம் வாசித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்து இன்னொரு தரம் வாசித்தார்.

“ஸவாஹிர், இது எலெக்சன் வழக்கு. டொக்டருக்கு எதிரா எண்ணெய்மில் முதலாளி போட்ட வழக்கு. உங்களைச் சாட்சிக்குக் கூப்பிட்டிருக்கினம்.”

“நான் என்ன சாட்சி சொல்ற டீச்சர்?”

“உங்கட மகள் ஹமீமா வோட்டுப் போட்டதா இதில இருக்கு.”

ஸவாஹிர் சிரித்தார். சிரிப்புத்தான் முதலில் வந்தது. “என்ட மகள் மௌத்தாகி அப்ப ஒரு மாசத்துக்கு மேல டீச்சர்.”

“அதைத்தான் அவையும் சொல்லினம். ஜனவரி இருபத்தொண்டு மரணம். பெப்ரவரி இருபத்தேழு, காலமை பதினொண்டு பத்துக்கு வோட்டு.”

ஸவாஹிர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். பதினொன்று பத்து. அந்த நேரம் அவர் ஆண்கள் பக்கத்து வாசலில், நீலப் பட்டி குத்திய சட்டையுடன், டொக்டருக்காக ஆள் கூட்டிக்கொண்டு நின்றார். சுவருக்கு அந்தப் பக்கம் அவருடைய செத்துப்போன மகள் வந்து போயிருக்கிறாள்.

*

அந்தத் தொகுதிக்கு அப்போது வயது ஐந்துதான். ஆயிரத்துத் தொளாயிரத்து முப்பத்தோராம் ஆண்டில்தான் ஆணும் பெண்ணும், இருக்கிறவனும் இல்லாதவனும் வோட்டுப் போடலாம் என்று வந்தது. அதற்கு முன் ஸவாஹிர் போன்றவர்களை யாரும் ஒன்றும் கேட்டதில்லை. முதல்முதலில் சட்டசபைக்குப் போனவர் ஒரு முதலியார். ஸ்டேட் கவுன்ஸிலில் மூன்று வருஷத்தில் இரண்டே தரம் வாய் திறந்தார், அதிலும் ஒரு தரம் ஜன்னலைச் சாத்தச் சொல்லத்தான் என்று தொப்பிக் கடையில் பகிடி விடுவார்கள். அவர் மாரடைப்பில் போய்ச் சேர, இடைத்தேர்தலில் எண்ணெய்மில் முதலாளி வந்தார். கொட்டாஞ்சேனைக்கு இரண்டு தண்ணீர்ப் பைப்பு வைத்தார். ஒன்றில் தண்ணீர் வந்தது. முப்பத்தாறில் அவரை டொக்டர் தோற்கடித்தார், ஒன்பதே வோட்டால்.

டொக்டர் என்றால் ஸவாஹிருக்கு உயிர். ஏழைபாழைகளுக்குச் சும்மா மருந்து கொடுக்கிறவர், தோளில் கைபோட்டுக் கதைக்கிறவர். தேர்தல் காலத்தில் தொப்பிக் கடையில் நிற்க இடமிருக்காது. கைகொடுக்கப் போகிறவன், மாலை போடப் போகிறவன், மேடையில் மூலையில் ஒரு கதிரை கிடைக்கும் என்று நம்புகிறவன், எல்லாருக்கும் தொப்பி நிமிர்ந்து நிற்கவேண்டும். ஆவி பறக்கிற அச்சைக் கையில் வைத்துக்கொண்டு ஸவாஹிர் டொக்டரின் பெருமையைச் சொல்வார். நீலப் பெட்டி டொக்டருக்கு, சிவப்புப் பெட்டி முதலாளிக்கு. எழுத்துத் தெரியாதவனும் நிறம் பார்த்துப் போடலாம்.

வீட்டில் அவருக்குப் பத்திரிகை வாசித்துக் காட்டியது மூத்தவள் ஹமீமா. இங்கிலீசை வாசித்து உடனுக்குடன் தமிழில் சொல்வாள், நடுவில் தன் கருத்தையும் சொருகிவிடுவாள். இருபத்தொரு வயது முடிந்த வருஷம் வாக்காளர் பட்டியலைத் தபால் கந்தோரில் ஒட்டினார்கள். “வாப்பா, என்ட பேர் ஈக்குதாண்டு பாக்கணும்” என்று ஒற்றைக்காலில் நின்றாள். முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு கூடப் போனவள், பேரைக் கண்டுபிடித்து அதன்மேல் விரலை வைத்து, பின்னால் ஆட்கள் வந்தும் எடுக்காமல் நின்றாள்.

ஜனவரியில் நெருப்புக் காய்ச்சல். பதினோராம் நாள் பின்னேரம், அஸர் தொழுகைக்குப் பிறகு கண் சொருகியது. ஸவாஹிர் டொக்டரைக் கூட்டிவர ஓடினார். மஃரிப் தாண்டி, இருட்டிய பிறகு தனியாகத் திரும்பி வந்து, “டொக்டர் ஊட்டுல இல்ல, எங்கயோ போயிட்டாராம். காலைல வருவாராம்” என்று நஸீறாவிடம் சொன்னார். விடியுமுன், சுபஹுக்கு முன் ஹமீமா போய்விட்டாள். டொக்டர் ஜனாஸா அடக்கத்துக்கு வந்தார். முன்வரிசையில் நின்றார். ஸவாஹிரின் கையைப் பிடித்துக்கொண்டு கண் கலங்கினார். பத்து நாள் கழித்து ஸவாஹிர் மறுபடி நீலப் பட்டியைக் குத்திக்கொண்டார். வீட்டில் உட்கார்ந்திருக்க முடியவில்லை என்று சொல்லிக்கொண்டார்.

*

டீச்சர் வீட்டிலிருந்து நேரே பௌஸியைத் தேடிப் போனார். பௌஸி டொக்டரின் ஏஜெண்டு. கயிற்றுக் கடைக்காரர், கொட்டாஞ்சேனை வோட்டெல்லாம் தன் விரல்நுனியில் என்று சொல்லித் திரிகிறவர். ஈரத்தோடு வந்து நின்ற ஸவாஹிரைக் கண்டதும் எழுந்தார்.

“வாங்கோ நானா, தேத்தண்ணி குடிக்கிற?”

“என்ட மகள்ட பேர்ல ஆர அனுப்பின, பௌஸி?”

“என்ன நானா கதைக்கிறீங்க?”

“கபுறுல ஈக்கிற புள்ளைய எழுப்பிக்கொண்டு வந்தீக்கிறீங்கடா நீங்க! ஒரு வோட்டுக்காக! ஒனக்குப் பொம்புளப் புள்ளைகள் இல்லையா?”

கயிற்றுச் சுருளில் உட்கார்ந்திருந்த இரண்டு பேர் எழுந்து வெளியே போனார்கள். பௌஸி கதவைச் சாத்தினார்.

“அல்லாஹ் மேல ஆணை, நான் செய்யல்ல. வேற நாலு பேர்ட பேர்ல செஞ்ச, அத மறைக்க மாட்டேன். ஹமீமாட பேர நான் தொடல்ல. லிஸ்டப் பாத்துத் துண்டு எழுதி ஊடு ஊடாக் குடுத்த பொடியன்மாருக்கு அவ மௌத்தான கதை தெரியாம ஈந்தீக்கும். ஒங்கட ஊட்டுக்கும் துண்டு வந்தீக்கும்.”

“எந்தத் துண்டு?”

“பேர், நம்பர் போட்ட துண்டு. அத எடுத்துக்கொண்டுதானே எல்லாரும் போன.”

அப்படியொரு துண்டை ஸவாஹிர் தன் வீட்டில் பார்த்ததில்லை.

“இஞ்சப் பாருங்கோ நானா” என்று பௌஸி குரலைத் தாழ்த்தினார். “கோட்டுல கேட்டா ஒரு பேச்சு. ‘எனக்குத் தெரியா.’ அவ்வளவுதான். ஒன்பது வோட்டு. ஒங்கட வாயில டொக்டர்ட சீட்டு ஈக்குது.”

திரும்பி வரும்போது டீச்சர் தன் வாசலில் நின்றார், காத்துக்கொண்டு நின்ற மாதிரி.

“ஸவாஹிர், ஒண்டு சொல்லாம விட்டுட்டன். பெண்கள் பக்கம் பேர் கேட்டு அடையாளம் போட்டது நான்தான். எங்களைப் போல பள்ளிக்கூட ஆக்களைத்தான் போட்டவை. மகள் தவறிப்போனது எனக்கு அப்ப தெரியாது, மாமி வீட்டில மட்டக்களப்பில நிண்டிட்டு வோட்டுக்கு முதல் நாள்தான் வந்தனான். பேரைக் கேட்டன். ‘ஹமீமா’ எண்டு சத்தமாச் சொன்னா. பழகின குரல். அதனால நான் நிமிந்தும் பார்க்கேல்ல.”

பழகின குரல். ஸவாஹிருக்கு மழை நின்றது கூடத் தெரியவில்லை.

*

வீட்டில் நஸீறா அசந்து தூங்கியிருந்தாள். மகள் போன பிறகு அவளுக்குத் தூக்கம் பகலில்தான். மர்லியா அடுக்களையில் சம்பலுக்குத் தேங்காய் திருவிக்கொண்டிருந்தாள். ஸவாஹிர் நிலையில் சாய்ந்து நின்றார். அவள் திருவலையை விட்டுக் கையெடுக்கவில்லை.

“துண்டு எங்க புள்ள?”

தேங்காய்ப் பாதி கையிலிருந்து நழுவி உருண்டது.

“எரிச்சிட்டேன் வாப்பா.”

அவ்வளவு லேசாக வரும் என்று அவர் நினைக்கவில்லை. மறுப்பாள், அழுவாள், நாலு தரம் கேட்கவேண்டி வரும் என்று நினைத்துக்கொண்டு வந்தார். அடுப்படியில் கிடந்த பலகையில் அப்படியே உட்கார்ந்தார்.

“நீயா?”

“ஓ.”

“பௌஸியா சொன்ன? ஆர் சொன்ன?”

“ஒருத்தரும் சொல்லல்ல. நீங்க காலைலயே போனீங்க. உம்மாக்குக் காய்ச்சல். ஸமீமா மாமிட ஊட்டுக்குப் பட்டுநூல் எடுக்கப் போறேண்டு சொல்லிட்டு, ராத்தாட புர்காவப் போட்டுக்கொண்டு, பொம்புளையளக் கூட்டிப் போன கார்ல ஏறின.”

“ஏன் புள்ள? ஜெயிலுக்குப் போற வேல எண்டு தெரியாதா? ஏன்?”

மர்லியா தேங்காய்ப் பூவை விரலால் கூட்டிக் குவித்தாள், கலைத்தாள், மறுபடி குவித்தாள்.

“அவ போன பொறகு இந்த ஊட்டுல அவட பேர ஆரும் சொல்றல்ல. சொன்னா உம்மா விழுந்துருவா எண்டு நீங்களும் சொல்றல்ல, நானும் சொல்றல்ல. அப்பத்தான் அந்தத் துண்டு வந்த. ‘ஸவாஹிர் ஹமீமா’ எண்டு எழுதி, வரச்சொல்லி. அவ எவ்வளவு ஆசையா ஈந்த வாப்பா. டீச்சர் பேர் கேட்டாங்க. நான் சொன்ன. அவங்க லிஸ்ட்ல கோடு போட்டாங்க. அப்ப அவ உசுரோட ஈக்கிற மாதிரி ஈந்த.”

ஸவாஹிருக்குக் கோபம் எங்கேயோ வழிந்து போய், இந்தப் பிள்ளையை இழுத்து அணைத்துக்கொள்ளவேண்டும் போலிருந்தது. எதையாவது சொல்லவேண்டும் என்பதற்காக, “நீலப் பெட்டில போட்டியா?” என்று கேட்டார்.

“இல்ல. செகப்புல.”

அவர் நிமிர்ந்தார்.

“டொக்டருக்கு ராத்தாட வோட்டக் குடுக்க எனக்கு மனசு வரல்ல.” இப்போதுதான் அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். “அண்டைக்கு அவர் ஊட்டுல இல்ல எண்டு சொன்னீங்க. அவர் மேடைல ஈந்தார். மைதானத்துல கூட்டம். நீங்க மேடைக்குக் கீழ நிண்டீங்க. ராசிக் நானா பாத்தீக்கிறார், ஸமீமா மாமிட மாப்புள. கூட்டம் முடியும் வரைக்கும் நிண்டீங்க எண்டார். கையக் காட்டக்கூட இல்ல எண்டார்.”

ஐந்து மாதமாக யாருக்கும் தெரியாது என்று ஸவாஹிர் நம்பிக்கொண்டிருந்த விஷயம், சம்பலுக்குத் தேங்காய் திருவும் இடத்தில் கிடந்தது.

அது உண்மைதான். டொக்டர் பேசிக்கொண்டிருந்தார். ஆயிரம் பேர் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். நடுவில் ஏறிக் கூப்பிட்டால் கூட்டம் கெட்டுவிடும், எதிர்க்கட்சிக்காரன் சிரிப்பான், இதோ முடித்துவிடுவார் என்று நின்றார். தொப்பியைக் கையில் எடுத்துப் பிடித்துக்கொண்டு நின்றார். முடித்துக்கொண்டு இறங்கியபோது டொக்டர், “காய்ச்சல்தானே ஸவாஹிர், விடிய வாறன். இன்னும் ரெண்டு கூட்டம் இருக்கு” என்று தோளில் தட்டினார். சரி என்று தலையாட்டிவிட்டு வந்தார்.

“ராத்தாக்குத் தெரியுமா?” என்று கடைசியில் கேட்டார். அவருக்கே கேட்காத குரல்.

“தெரியா” என்றாள் மர்லியா. “அவ கடைசி மட்டும், ‘வாப்பா டொக்டரக் கூட்டிக்கொண்டு வருவார்’ எண்டுதான் சொன்ன.”

*

புதுக்கடைக் கோட்டில் நாற்காலி, சுவர், மனிதர், எல்லாமே ஈரத் துணி நாற்றம். ஸவாஹிர் குர்ஆனைத் தொட்டுச் சத்தியம் செய்தார். முன்வரிசையில் டொக்டரும் பௌஸியும். அந்தப் பக்கம் எண்ணெய்மில் முதலாளி, வயிற்றின்மேல் கைகோத்து. அவருக்காக வழக்குப் பேசும் ப்ரொக்டர் சிவபாலன் எழுந்தார். மெலிந்த மனிதர், மரியாதையான குரல். கேள்வியை இங்கிலீசில் கேட்க, மொழிபெயர்ப்பாளர் தமிழில் சொன்னார்.

“ஹமீமா உம்முடைய மகளா?”

“ஓம்.”

“தேர்தலன்று உயிரோடு இருந்தாளா?”

“இல்ல.”

“அப்படியென்றால் அவள் பேரில் வந்தது வேறொருவர்?”

“ஓம்.”

பௌஸி தலையைக் குனிந்துகொண்டார். சிவபாலன் உட்காரப் போனவர், எதையோ நினைத்துக்கொண்டு திரும்பினார். “அது யாரென்று உமக்குத் தெரியுமா?”

தெரியா என்ற ஒரு சொல் போதும். பௌஸி கண்ணாலேயே அந்தச் சொல்லை நீட்டினார். ஸவாஹிரின் கை இன்னும் புத்தகத்தின் பக்கத்தில் இருந்தது. ஒரு பொய்யைச் சொல்லி வீட்டுக்குள் கொண்டுபோய் வைத்து, அதோடு ஐந்து மாதம் சாப்பிட்டு எழும்பியாயிற்று. இன்னொன்றுக்கு அவரிடம் பலமில்லை.

“தெரியும்.”

கோட்டில் சலசலப்பு எழுந்தது. நீதவான் எழுதுவதை நிறுத்தினார்.

“யார்?”

“அதச் சொல்லேலா.”

மொழிபெயர்ப்பாளர் இங்கிலீசில் சொல்லவே தயங்கினார். சொன்னதும் நீதவான் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். “சொல்லாவிட்டால் என்ன நடக்கும் என்று அவருக்கு விளங்குகிறதா?”

“வெளங்குது தொரை. சத்தியம் செஞ்சீக்கிறேன், பொய் சொல்லேலா. பேரும் சொல்லேலா. என்ன செய்யணுமோ செய்ங்கோ.”

மூன்று தரம் கேட்டார்கள். மூன்று தரமும் அதே பதில். கோட்டை அவமதித்த குற்றத்துக்கு ஏழு நாள். பொலிஸ்காரன் தோளைத் தொட்டபோது டொக்டர் எழுந்து வந்தார். “ஸவாஹிர், எனக்காக இவ்வளவு செய்யிறியே” என்று கண்கலங்கக் கையை நீட்டினார். ஸவாஹிர் அந்தக் கையைப் பார்த்தார். தன் இரண்டு கையையும் பொலிஸ்காரன் பக்கம் நீட்டிக்கொண்டு நடந்தார்.

*

ஏழாம் நாள் வெளியே வந்து வீட்டுக்குப் போனபோது உச்சி வெயில். நஸீறா சோறு, பருப்பு, கருவாட்டுத் தீயல் எடுத்து வைத்தாள். ஏழு நாளில் பாதியாய்ப் போயிருந்தாள். மர்லியா எல்லாவற்றையும் அவளிடம் சொல்லியிருந்தாள், ஒன்றைத் தவிர. அதைச் சொல்லவேண்டிய ஆள் வேறு என்று விட்டிருந்தாள்.

இரண்டு வாய் சாப்பிட்டார். “நஸீறா, அண்டைக்கு டொக்டர் ஊட்டுல இல்ல எண்டு சொன்னது பொய்” என்றார். மைதானத்தைச் சொன்னார். கைதட்டலைச் சொன்னார். தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றதைச் சொன்னார்.

நஸீறா அழுவாள் என்று காத்திருந்தார். அவள் அழவில்லை.

“எவ்வளவு நேரம் நிண்ட?”

“ஒண்டரை மணித்தியாலம் ஈக்கும்.”

அவள் அவருடைய சோற்றுக் கோப்பையில் இன்னொரு கரண்டி சோறு போடக் கையிலெடுத்திருந்தாள். அதைத் திரும்பச் சட்டிக்குள்ளேயே வைத்தாள். அன்றைக்கும் அதற்குப் பிறகு பல நாளும் அவரோடு தேவைக்கு மேல் ஒரு சொல் பேசவில்லை. சாப்பாடு நேரத்துக்கு வந்தது. சட்டை தோய்த்து மடித்துக் கிடந்தது. குஞ்சங்களும் எண்ணிக்கை குறையாமல் கடைக்குப் போயின.

பதினொரு பொய் வோட்டு நிரூபணமாகி டொக்டரின் சீட்டுப் பறிபோனது. மர்லியாவைத் தேடி ஒருவரும் வரவில்லை. பொய் வோட்டு டொக்டருக்குத் தெரியாமல் நடந்தது என்று தீர்ப்பில் சொன்னதால், கார்த்திகையில் வந்த இடைத்தேர்தலில் அவரே மறுபடி நின்றார். அவருக்கு அதே நீலம். முதலாளிக்கு அதே சிவப்பு. மஞ்சளென்று புதிதாக ஒருவர். ஸவாஹிர் இந்தத் தடவை எந்தப் பட்டியும் குத்தவில்லை. கடையில் வந்து கதை கேட்டவர்களிடம், “தொப்பியக் கழட்டுங்கோ, அளவெடுக்கணும்” என்பதோடு நிறுத்திக்கொண்டார்.

தேர்தலன்று காலை இடியப்பம் சாப்பிட்டுவிட்டு வாசலில் செருப்பைத் தேடியபோது, நஸீறா உள்ளேயிருந்து புர்காவோடு வந்து நின்றாள். மூன்று தேர்தலில் ஒன்றுக்கும் போகாதவள். ஆண்பிள்ளைகளின் கூத்து என்று சொல்லித் திரிந்தவள்.

“என்ட பேரும் அந்த லிஸ்ட்ல ஈக்குதா?”

“ஈக்குது. மொதல் தேர்தல்ல இருந்து ஈக்குது.”

“அப்ப கூட்டிக்கொண்டு போங்கோ.”

கார்கள் ஆட்களை ஏற்றிக்கொண்டு போய் வந்துகொண்டிருந்தன. அவர்கள் ஒன்றிலும் ஏறாமல் வெயிலில் நடந்தார்கள், அவர் நாலு அடி முன்னால், அவள் பின்னால். பள்ளிக்கூட வாசலில் பௌஸி கையசைத்தார். பெண்கள் பக்கத்து வரிசை மதில் வரைக்கும் நீண்டிருந்தது. ஸவாஹிர் போய்த் தன் வோட்டைப் போட்டுவிட்டு வந்து, வேப்பமரத்தடியில் காத்து நின்றார். ஒரு மணித்தியாலம் நின்றிருப்பார்.

நஸீறா வெளியே வந்தாள். முகத்திரைக்குள் மூச்சு வாங்கியது. மதிலோரம் கொஞ்ச தூரம் நடந்தார்கள். பிறகு ஸவாஹிருக்குப் பொறுக்கவில்லை.

“எந்தப் பெட்டில போட்ட?”

அவள் நிற்கவில்லை. அவரைத் தாண்டி முன்னால் போனாள்.

“அத ஆரும் கேக்கப்படாதாம்” என்றாள். “கட்டின மாப்புள கேட்டாலும் சொல்லத் தேவையில்லையாம். டீச்சர்ட்டக் கேட்டுக்கொண்டுதான் வந்தேன்.”